திருக்குளமும் மழைநீரும்

சிவாலய தரிசனம் செய்யச் செல்லும் அன்பர்கள் கோபுரத்தையும் விமானத்தையும் கண்டு வியப்பர். அவற்றின் மேற் பெய்த மழை எங்கே செல்கின்றது என்று வினாவுவார் மிகச் சிலரே. பழைய தலங்கள் பலவற்றில் அவ்வினாவிற்கு விடை திருக்குளமேயாம். நம் முன்னோர் கோயிலை வகுத்தபின் நீருக்கு வழி தேடினாரல்லர். நிலத்தின் ஏற்றத்தாழ்வை முன்னரே நோக்கி, இரண்டினையும் ஒருங்கே வகுத்தனர்.

இதற்குத் தஞ்சை தக்க சான்றாகும். முதல் இராசராச சோழன் எடுப்பித்து, 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரிய கோயிலின் விரிந்த திருமுற்றத்து மழைநீர், வடபாலுள்ள சிவகங்கைக் குளத்தைச் சேருமாறு வழி அமைந்துள்ளது. பின்னர் 16ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் மேற்றிசையில் ஓர் ஏரி கண்டார். புறநிலத்து வெள்ளம் முதற்கண் அவ்வேரியில் தங்கும்; வண்டல் அங்கே படியும்; தெளிந்த நீர் நிலத்தடிக் கால்வழியே சிவகங்கையை அடைந்து, அதனின்றும் ஊரினுள் ஐயன் குளத்திற்குச் செல்லும். இங்ஙனம், ஊரை வருத்தற்குரிய வெள்ளமே ஊரார் உண்ணும் நீராயிற்று.

அமைத்தலினும் காத்தல் அரிது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற அறுவர் ஏரிவாரியஞ் செய்தற்குரியர் என விதிக்கின்றன. நீர்நிலையைப் பேணுதல் ஒருவரது விருப்பிற்கு விடப்படாமல், ஊரின் நீங்காக் கடமையாக வைக்கப்பட்டமை இதனால் விளங்கும்.

கடமை தவறிய காலத்து நிகழ்வது யாது? பெரியபுராணத்துத் தண்டியடிகள் வரலாறு அதனைக் காட்டும். திருவாரூர்க் கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம், கரையெங்கும் பிறர் இடங்கள் நெருங்கியதாற் குறைவுற்றது. பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அடிகள் அதனைப் பொறாராய், குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிச் சுமந்தனர். தடுத்தாரும் உளர், அடிகள் ஒழிந்திலர். இறைவன் அருளாற் கண்பெற்றனர். அரசனும் குளத்தின் கரையை ஒழுங்குபெறச் செய்தனன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று அத்தலத்தார் இன்றும் வழங்குவர். குளத்தைக் கோயிலோடு ஒத்த அளவினதாக மதித்த உள்ளத்தை அம்மொழியிற் காண்க.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு, கட்டடந்தோறும் மழைநீரைச் சேமித்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. பழைய அறமே புதிய சட்டமாயிற்று எனலாம். எனினும் 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் ஆழ்ந்தது. பெருமழை ஒரு காரணம். நீர் தங்குமிடமும் செல்லும் வழியும் கட்டடங்களாற் குறுகியமை மற்றொரு காரணம். தண்டியடிகள் கண்ட குறையே இது. கண்ணுடைய நாம் அதனைக் காணாதிருந்தோம்.

குடமுழுக்கிற்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், திருக்குளத்தின் வரத்துக்கால் அடைபட்டிருக்கின்றதா என்பதையும் ஒருமுறை நடந்து சென்று நோக்குவாராக. படித்துறையைப் புதுக்கி, நீர் வரும் வழியை மூடிவிடுதல் திருப்பணியாகாது. மண் சுமத்தலும் சிவத்தொண்டே என்பதை அடியார் ஒருவர் நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்.