எரிச்சல் என்னும் சொல்லும் அதன் அளவுகோலும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் வேதிப்பொருள் சோதனைகளின் வரலாற்றைப் பேச முன்வருவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் ஒரு சொல்தான். பல ஆண்டுகளுக்கு முன், துப்புரவுப் பொருள் ஒன்றின் புட்டியில் ஒட்டவிருந்த தமிழ் எச்சரிக்கை வாசகத்தைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். 'தோல் அரிப்பை உண்டாக்கும்' என்று அதில் எழுதியிருந்தது. மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது குறித்தது சொறியத் தூண்டும் அரிப்பை அன்று. தோலைத் தின்று ஆறாத வடுவாக்கும் அரிப்பை. தமிழில் வெள்ளம் மண்ணைக் கரைப்பதும் அரிப்பு, இரும்பைத் துரு தின்பதும் அரிப்பு, கொசு கடித்த இடத்தில் எழுவதும் அரிப்பு. அவ்வாசகத்தைப் படிக்கும் துப்புரவாளர், 'சிறிது சொறிந்தால் போயிற்று' என்று கையுறையின்றி அப்புட்டியைத் திறந்திருப்பார்.

அதைத் திருத்தும்பொருட்டு அரித்தல், எரிச்சல் ஆகிய இரண்டுக்கும் அறிவியல் வகுத்த வரையறைகளைத் தேடினேன். வேதிப்பொருள் பட்ட தோல் சிதைந்து, பழைய நிலைக்குத் திரும்பாதெனில் அது அரித்தல். 14 நாள் கண்காணிப்புக்குள் ஆறிவிடுமெனில் எரிச்சல். எவருடைய தோல் என்று கேட்டேன். முயலின் தோல் என்பதே நெடுங்காலமாக அதற்கு விடையாக இருந்தது.

அவ்விடை தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. 1930களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச்சாயம் விற்பனையாயிற்று. அதிலிருந்த பாராஃபினைலீன்டையமின் என்னும் சாயப்பொருளால் பெண்கள் சிலர் கடும் புண்ணுக்கு ஆளாயினர். பார்வை இழந்தோரும் உண்டு, ஓர் உயிரும் போயிற்று. ஒப்பனைப் பொருளைத் தடுக்க அன்று அந்நாட்டு அரசுக்கு அதிகாரம் இல்லை. 1938இல் இயற்றப்பட்ட உணவு, மருந்து, ஒப்பனைப்பொருள் சட்டம் அவ்வதிகாரத்தை வழங்கியது. அதிகாரம் வந்ததும் அளவுகோல் வேண்டியதாயிற்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் நச்சியலாளர் ஜான் டிரெய்ஸ் தம் தோழர் இருவருடன் 1944இல் வெளியிட்ட கட்டுரை அந்த அளவுகோலைத் தந்தது.

முறை எளியது. வெள்ளை முயலின் முதுகில் மயிரை மழிப்பர். சோதிக்கும் பொருளை 0.5 மில்லிலிட்டர் அளவில் துணிக்கட்டின்கீழ் இடுவர். 24 மணி நேரத்திலும் 72 மணி நேரத்திலும் பார்த்துச் சிவப்புக்கு 0 முதல் 4 வரை, வீக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். வெள்ளை முயலாயின் சிவப்பு தெளிவாகத் தெரியும், அது சாதுவான விலங்கு, விலையும் மலிவு.

அம்மதிப்பெண் அட்டவணையை நான் முதன்முறை படித்தபோது ஒரு மொழியியலாளனின் கண்ணுக்கு அது எண்களின் பட்டியலாகத் தோன்றவில்லை. பெயரடைகளின் பட்டியலாகவே தோன்றியது. அரிதிற் புலப்படும் சிவப்பு எனில் 1. நன்கு புலப்படும் சிவப்பு எனில் 2. மிதமானது முதல் கடுமையானது வரை 3. பீட்ரூட் கிழங்கின் நிறத்தை எட்டினால் 4. 'அரிதிற் புலப்படுவது' எவ்விடத்தில் முடிந்து 'நன்கு புலப்படுவது' எவ்விடத்தில் தொடங்குகிறது? தேர்வுத்தாளில் கட்டுரைக்கு மதிப்பெண் இட்ட ஆசிரியர் எவரும் இவ்விடரை அறிவார். சொல்லுக்கு எண்ணை ஒட்டிவிட்டால் கூட்டலாம், சராசரி எடுக்கலாம், சட்டத்தில் எழுதலாம். சொல்லின் நெகிழ்ச்சி மட்டும் அவ்வெண்ணுக்குள் ஒளிந்தே இருக்கும்.

ஒளிந்திருந்தது 1971இல் வெளிப்பட்டது. கேரல் வைல், ராபர்ட் ஸ்காலா என்னும் இருவர் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி, முயலின் கண்ணிலும் தோலிலும் சோதிக்கச் செய்தனர். ஓர் ஆய்வகம் தீங்கற்றது என்ற பொருளை மற்றோர் ஆய்வகம் கடுமையானது என்றது. ஆயினும் பத்தாண்டுகள் கழித்து, 1981இல், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு அம்முறையைச் சற்றே திருத்தி, நான்கு மணி நேரச் சோதனையாகப் பன்னாட்டு வழிகாட்டியில் சேர்த்தது. நிறுவனங்களுக்குப் பிழையான அளவுகோலைக் காட்டிலும் அளவுகோல் இல்லாமையே பெரிய அச்சம் போலும்.

முயலின் சார்பில் குரல்கள் எழாமல் இல்லை. 1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவர் எழுதிய நூல் மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளை வகுத்தது. ரசல் விலங்கியலாளர், கிரேக்க இலத்தீன் இலக்கியமும் கற்றவர் என்பது எனக்கு உவப்பான செய்தி. 1980இல் ஹென்றி ஸ்பிரா என்னும் பள்ளியாசிரியர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, இதே டிரெய்ஸ் வகுத்த கண் சோதனையைக் கண்டித்தார். அதன்பின் ஒப்பனைப்பொருள் நிறுவனங்களே மாற்றுமுறை ஆய்வுக்கு நிதி தரத் தொடங்கின.

மாற்றுமுறைக்கான அடிப்படை வேறோரிடத்தில், வேறொரு நோக்கில் உருவாகியிருந்தது. 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதரின் மேற்தோல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் பெருக்கும் வழியைக் கண்டனர். பின்னாளில் அது தீக்காயம் பட்டோரின் உடலை மூட உதவியது. அவ்வணுக்கள் வளர்வதற்குச் சுண்டெலி அணுக்களையே கீழே விரிக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீர்மத்தில் மூழ்கிக் கிடந்தவரை அப்படலம் முழுத்தோல் ஆகவில்லை. அதன் மேற்புறத்தைக் காற்றுப்படும்படி உயர்த்தி, ஊட்டநீரை அடியிலிருந்து மட்டும் அளித்தபோதே நம் உடலின் மேலுள்ளதைப் போன்ற கடினப் படலம் அதன்மேல் உருவாயிற்று. பிரான்சின் லியோன் நகரில் உருவாகும் எபிஸ்கின், அமெரிக்காவின் எபிடெர்ம் போன்றவை இவ்வாறு வளர்த்த தோல்களே. அறுவை மருத்துவத்தில் அகற்றப்படும் தோலிலிருந்து, கொடுப்போர் இசைவுடன், உயிரணுக்கள் பெறப்படுகின்றன.

எபிஸ்கின் முறையில் ஒரு சதுர சென்டிமீட்டரிலும் குறைந்த பரப்புள்ள தோல்வட்டில் பொருளை 15 நிமிடம் இட்டுக் கழுவி, 42 மணி நேரம் விட்டுவைப்பர். பின்னர் எம்டிடி என்னும் மஞ்சள் உப்பைச் சேர்ப்பர். உயிருள்ள அணு அதை ஊதா நிறமாக மாற்றும். இறந்த அணு மாற்றாது. ஊதாவின் அளவைக் கருவி சொல்லும். ஒப்பீட்டுத் தோலை நோக்கப் பாதியோ அதற்கும் குறைவோ உயிருடன் இருந்தால் அப்பொருள் எரிச்சலூட்டி.

இனி முடிச்சுக்கு வருகிறேன். புதிய முறை சரியானதா என்று எதனோடு ஒப்பிடுவது? இத்தாலியின் இஸ்ப்ரா நகரிலிருந்து இயங்கிய ஐரோப்பிய மாற்றுமுறை மதிப்பீட்டு மையம் 58 வேதிப்பொருள்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது முயலின் பழைய பதிவுகளே. முயல் எரிச்சலூட்டி என்றவற்றுள் 75 விழுக்காட்டை எபிஸ்கின் கண்டறிந்தது. 2007இல் ஏற்பும் பெற்றது. பிழை மலிந்த ஏட்டை மூலமாக வைத்துக்கொண்டு நல்ல படியைத் திருத்துவதற்கு இது நிகர். ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர் இதன் இடரை எளிதில் உணர்வர்: படி வேறுபடும் இடத்தில் பிழை எவருடையது?

அந்த மூலமும் அசையாமல் நிற்கவில்லை. ஐரோப்பாவில் முயலின் சராசரி மதிப்பெண் 2 ஆனாலே அப்பொருள் எரிச்சலூட்டி. 2008இல் உலகப் பொது வகைப்பாட்டைத் தழுவியபோது எல்லை 2.3 ஆயிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட பொருள்கள் சட்டத்தின் பார்வையில் எரிச்சலூட்டும் தன்மையை இழந்தன. அவை எவருடைய தோலிலும் மாறிவிடவில்லை. முடிச்சை அவிழ்க்க மனிதரிடமே சென்றவர்களும் உண்டு. பிராகாவிலிருந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, தாமாக முன்வந்தோரின் தோலில் 25 பொருள்களை உரிய பாதுகாப்புடன் ஒட்டிப் பார்த்தது. முயல் எரிச்சலூட்டி என்ற 16 பொருள்களுள் 5 மட்டுமே மனிதத் தோலில் குறிப்பிடத்தக்க எரிச்சலை உண்டாக்கின. வளர்த்த தோலின் தீர்ப்பு முயலின் தீர்ப்பைவிட மனிதருக்கு நெருங்கி நின்றது.

அதே 2010இல் வளர்த்த தோல் முறை பன்னாட்டு வழிகாட்டி ஆயிற்று. 2013 மார்ச் 11 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த புதிய ஒப்பனைப் பொருள்களின் விற்பனையைத் தடுத்தது. 2014இல் இந்தியாவும் ஒப்பனைப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது.

வளர்த்த தோலில் குருதிக்குழாய் இல்லை. ஆதலால் அது சிவப்பதில்லை, வீங்குவதும் இல்லை. நரம்பும் இல்லை. டிரெய்ஸ் தம் அட்டவணையில் எழுதிய இரு சொற்களும் நீங்கி, எரிச்சல் என்பதற்கு 'பாதி அணுக்களின் இறப்பு' என்னும் புதுப்பொருள் அமைந்துவிட்டது. முயலின் முதுகும் கண்ணாடி வட்டும் சொல்லாத ஒன்று, தமிழர் 'எரிகிறது' என்னும்போது முதலில் குறிக்கும் அந்த உணர்வு. அதை அறிய இன்றும் மனிதரைத்தான் கேட்க வேண்டியுள்ளது.

அந்தப் புட்டியின் வாசகத்தில் அரிப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு, 'தோலை வெந்து புண்ணாக்கும், வடு ஆறாது, கையுறை அணிக' என்று எழுதிக் கொடுத்தேன். இடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வடுவையும் கையுறையையும் விட்டுக்கொடுக்க மனமின்றி, எழுத்தின் அளவைச் சிறிதாக்கச் சொன்னேன்.