வாய்ப்பூட்டு எனும் சொல்

ஆங்கிலத்திலே 'கேக்' என்றொரு சிறு சொல் உண்டு. தின்பண்டத்தின் பெயரென எண்ணிவிட வேண்டாம்! கத்திக் கூவ முடியாதபடி ஒருவன் வாயிலே துணி திணித்துக் கட்டுவதற்குப் பெயர் அது. கள்வனின் கருவி, ஆள்வோரும் அதனைக் கைக்கொண்டனர். ஆனால், அப்பெயரை அவர்கள் ஒருநாளும் ஏற்றதில்லை.

1795. இங்கிலாந்திலே பஞ்சம், ரொட்டி விலை ஏறிற்று, மக்கள் கூடிச் சீர்திருத்தம் கேட்டனர். பிரதமர் பிட் இரு சட்டங்கள் கொணர்ந்தார். முன்னறிவிப்பின்றி ஐம்பது பேருக்கு மேல் கூடி அரசியல் பேசலாகாது என்றது ஒன்று. துரோகத்தைத் தடுக்கும் சட்டம் என்றனர் ஆள்வோர். வாய்ப்பூட்டுச் சட்டம் என்றனர் மக்கள்.

1836. அமெரிக்காவிலே அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மனுக்கள் குவிந்தன. அவற்றை விவாதிக்கலாகாது, அச்சிடலாகாது எனப் பிரதிநிதிகள் சபை விதி செய்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எழுந்தார். என் வாய்க்குப் பூட்டா, இல்லையா என்று கேட்டார். எட்டாண்டுகள் போராடினார். 1844 டிசம்பரில், அவரது 77 வயதில், விதி வீழ்ந்தது.

1878. இந்தியாவிலே லிட்டன் பிரபு தாய்மொழி இதழ்களுக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றினார். ஆங்கில ஏடு எழுதலாம். அதையே மக்கள் மொழியில் எழுதினால் அச்சகம் பறிபோகலாம். முறையிட நீதிமன்றமும் இல்லை! இதற்கும் மக்கள் சூட்டிய பெயர் வாய்ப்பூட்டுச் சட்டமே. 1882-இல் ரிப்பன் பிரபு காலத்தில் அது நீக்கப்பட்டது.

விந்தை கேளுங்கள்! மருத்துவத்திலே இதே சொல், வாயைத் திறந்தபடி நிறுத்தும் கருவியைக் குறிக்கும். 1909 முதல், வாக்குரிமை கேட்டுச் சிறையிலே உண்ணாநோன்பு இருந்த ஆங்கிலப் பெண்களின் வாயை அக்கருவியால் பிளந்து, குழாய் வழியே உணவு புகட்டினர். பேச விழைந்தால் மூடுவது. மூடி மறுத்தால் பிளப்பது! இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தந்தானே? வாய் எவருடையதாயினும் உரிமை தம்முடையது என்பதுதானே அடக்குமுறையின் இலக்கணம்!

இன்றும், ஒரு வழக்கைப் பற்றிப் பேசலாகாது என நீதிமன்றம் இடும் தடைக்கு இச்சொல் வழங்குகிறது. ஆகவே தோழர்களே, எந்தச் சட்டம் வரினும் அதன் தலைப்பை மட்டும் படித்து அமையாதீர். அமைதி, ஒழுங்கு, பாதுகாப்பு என அழகிய பெயர் ஆயிரம் கிடைக்கும். அது எவர் வாயை மூடுகிறது என்று பாருங்கள். அதற்குரிய பெயர் அங்கேதான் இருக்கிறது. அப்பெயரை உரக்கச் சொல்வதே பூட்டைத் திறக்கும் முதல் வேலை.