ஃபுளூ காய்ச்சலுக்குக் கூட்டு மருந்து

இன்ஃபுளுவென்சா நோயாளிக்கு இரண்டோ மூன்றோ வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை முறை. ஓயாமல் உருமாறும் இந்த வைரஸ், ஒற்றை மருந்துக்குச் சீக்கிரமே பழகிவிடும். 2009இல் உலகைச் சுற்றிவந்த எச்1என்1, பழைய மருந்தான அமன்டடினுக்கு அசையவே இல்லை.

செல்லுக்குள் உருவான புது வைரஸ்கள் வெளியே வந்ததும் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நியூராமினிடேஸ் என்ற நொதி அந்தப் பிடியை அறுத்தால்தான் அவை அடுத்த செல்லுக்குப் போக முடியும். ஓசெல்டமிவிர் என்ற மருந்து அந்த நொதியை முடக்குகிறது. பலோக்சாவிர் என்ற இன்னொரு மருந்து அதற்கும் முன்னாலேயே, வைரஸ் பெருகத் தேவையான படியெடுப்பு வேலையை நிறுத்திவிடுகிறது.

எல்லாக் கூட்டும் பலிப்பதில்லை. பிரான்சில் 2008–09 குளிர்காலத்தில் ஓசெல்டமிவிருடன் சானமிவிரைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நொதியைத் தாக்குபவை. ஓசெல்டமிவிரை மட்டும் கொடுத்ததைவிடப் பலன் குறைந்தது!

2022இல் வெளியான ஃபிளாக்ஸ்டோன் ஆய்வு நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கடும் நோயாளிகளுக்குப் பலோக்சாவிரையும் நியூராமினிடேஸ் தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தபோது, உடலிலிருந்து வைரஸ் வெளிப்படுவது நிற்க ஆகும் இடைநிலை நேரம் 63.7 மணியிலிருந்து 23.9 மணியாகக் குறைந்தது. ஆனால் நோயாளிகள் தேறும் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வைரஸ் அடங்கிய பிறகும் நுரையீரலில் மூண்ட அழற்சி தொடர்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.