மூலைமனை: மான்ஹாட்டன் புனித பேதுரு சபையும் நகர ஊழியத்தின் நிலப்பிரச்சினையும்

நகரத்தில் ஆலயம் எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட அமெரிக்க லுத்தரன் சபைகளிற் பல, அங்கத்தினர் குடியேறிய இடத்திலேயே என்று விடையிறுத்தன. ஜெர்மானியக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு புறநகர்களுக்குப் பெயர்ந்தபோது, பாட்டன்மார் எழுப்பிய ஆலயங்கள் பல விலைபோயின. சபை என்பது ஜனமேயன்றிக் கல்லன்று என்ற சித்தாந்தம் லுத்தரன் மரபுக்கு அந்நியமன்று. ஆகவே அவ்விடையை அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், அந்த ஜனம் யார் என்பதை அங்கத்தினர் பதிவேடு ஒன்றே தீர்மானிக்கலாமா என்பது என் ஆட்சேபம்.

நியூயார்க்கில் 1862இல் ஜெர்மானியக் குடியேறிகள் ஸ்தாபித்த புனித பேதுரு சபை, 1905 முதல் லெக்சிங்டன் அவென்யூவும் 54ஆம் தெருவும் கூடும் மூலையில் ஆராதித்துவந்தது. சுற்றிலும் அலுவலகங்கள் பெருகி, அவ்வட்டாரம் முழுவதையும் வாங்க ஒரு பெரிய வங்கி முற்பட்டபோது, சபையார் மனையைக் கொடுத்தார்களேயன்றி மூலையைக் கொடுக்கவில்லை. அதே இடத்தில் புதிய ஆலயம் எழவேண்டும், அது வங்கிக் கட்டடத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கவேண்டும், வங்கிக் கோபுரத்தின் தூண் எதுவும் அதனூடே இறங்கலாகாது என்பன அவர்கள் விதித்த நிபந்தனைகள். அதனாலன்றோ கட்டடக்கலைஞர் ஸ்டப்பின்ஸும் பொறியாளர் லெமெஷூரியரும் 59 மாடிகளை, மூலைகளில் தாங்காமல், நான்கு பக்கங்களின் நடுவில் ஒன்பது மாடி உயரம் நிமிர்ந்த தூண்கள்மேல் ஏற்றவேண்டியதாயிற்று! (மூலைவாட்டமாக வீசும் பெருங்காற்றுக்கு அதன் எஃகு இணைப்புகள் போதா என்று 1978இல் தெரிந்து, இரவிரவாகப் பற்றவைத்துப் பலப்படுத்திய கதை பொறியியல் மாணவர் அறிந்ததே.)

1977இல் பிரதிஷ்டையான ஆலயத்தின் ஆராதனைக்கூடம் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது; நடைபாதையிற் செல்பவர் பெரிய கண்ணாடிச் சாளரத்தின் வழியே பலிபீடத்தைக் குனிந்து பார்க்கலாம். இருக்கைகள் இடம் மாற்றத் தக்கவை. பக்கத்துச் சிற்றாலயத்தை லூயிஸ் நெவல்சன் வெண்ணிற மரச் சிற்பங்களால் அமைத்தார். அவர் யூதர் என்பது சபையாருக்குத் தடையாகவில்லை.

எனினும், கட்டடத்தினும் நான் பெரிதாக மதிப்பது இச்சபையின் ஜான் கென்சல் போதகரின் ஏற்பாட்டையே. ஜாஸ் இசைவாணர் சனிக்கிழமை நள்ளிரவு கடந்தும் வாசித்துவிட்டு ஞாயிறு காலையில் உறங்குகிறவர்கள் என்று கண்ட அவர், 1965 முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்குரிய ஆராதனையை நடத்தினார். நிலத்தைத் திட்டமிடுவோர் காலத்தைத் திட்டமிட மறந்தால், நகரின் நடுவில் நிற்கும் ஆலயமும் நகரத்தாருக்குத் தூரமானதே.

மனைவிலை ஏறிய இடத்தில் இப்படி மூலையைக் காத்துக்கொள்வது கைகூடும், ஏழைச் சபைகளுக்கு ஆகுமா என்று வினவுவோர் உண்டு, வினா நேர்மையானது. அதே நகரின் கிழக்கு புரூக்ளினில் விற்பதற்கேற்ற மனை எச்சபைக்கும் இல்லை. வீடுகள் இடிந்து பாழ்பட்ட வெளிகளே இருந்தன. அங்கே 1980களில் லுத்தரன், கத்தோலிக்க, பாப்திஸ்து சபைகள் ஒன்றுகூடி, நகராட்சியை நெருக்கி அவ்வெளிகளைப் பெற்று, நெகேமியாவின் பெயரால், சொற்ப வருவாயுள்ள குடும்பங்கள் சொந்தமாக்கிக்கொள்ளும் சிறு வரிசைவீடுகளைக் கட்டலாயின. அதற்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தோருள், உபதேசத்தில் அணுவளவும் விட்டுக்கொடாத மிசோரி சினட் லுத்தரன்களும் இருந்தனர்.