ஆல்ப்ஸ் பனிச்சரிவு: ஆபத்து நிலை 3 என்றால் ‘நடுத்தரம்’ அல்ல

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. குளிர்காலம் முழுவதும் தினமும் மாலை 5 மணிக்கு அது ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்த வட்டாரத்தில், எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை நோக்கிய சரிவுகளில் ஆபத்து உள்ளது என்பதை அதில் அறியலாம். பாதுகாக்கப்பட்ட சறுக்குப் பாதைகளை விட்டு விலகி மலையேறுவோருக்கு அதுவே முதல் வழிகாட்டி.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் ஒரே அளவுகோலைப் பின்பற்றுகின்றன: 1 குறைவு, 2 மிதமானது, 3 கணிசமானது, 4 அதிகம், 5 மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றதும் பலர் அதை நடுத்தரம் என நினைத்துவிடுகின்றனர். ஆனால், உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி இந்த நிலையில்தான் நேர்கின்றன. நிலை 4, 5 அறிவிக்கப்பட்டால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். 3 என்றால் துணிந்து புறப்படுகின்றனர்.

எப்படிச் சரிகிறது?

சர்க்கரை போல உதிரும் பனி அடியில் இருக்க, அதன் மேல் புதிய பனி பலகை போல இறுகிக் கிடக்கும். சரிவு 30 பாகைக்கு மேல் இருந்தால், ஒருவரின் எடையே அடிப்பனியை நொறுக்கிவிடும். மேற்பலகை மொத்தமாகச் சரிந்து இறங்கும். உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை அதில் சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான் தூண்டிவிடுகின்றனர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- அண்மையில் சரிந்த பனியின் தடயம்
- காலடியில் ‘வும்’ என்ற சத்தம், பனியில் ஓடும் விரிசல்
- பலத்த காற்றுடன் பெய்த பனி. காற்று அதை அள்ளிச் சென்று மலையின் மறுபக்கத்தில் குவிக்கும்
- திடீர் வெப்ப உயர்வு

பனிப்பொழிவு ஓய்ந்து வானம் வெளுத்த முதல் நாள்தான் பலரை மலைக்கு இழுக்கிறது. பனியோ அன்று இன்னும் நிலைப்பட்டிருக்காது.

புதைந்தால்

பனிக்குள் புதைந்தவருக்கு முதல் 10 நிமிடங்களே பொன்னானவை; அதன்பின் மூச்சுத்திணறல் உயிரைப் பறிக்கும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. எனவே, ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும்.

அனுபவமில்லாதோர் நிலை 3 அறிவிக்கப்பட்ட நாளில் திறந்துள்ள சறுக்குப் பாதைகளை விட்டு விலகாமல் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.