காவிரியின் திமில் மீன்

ஃபீனிக்ஸ் பே கப்பல் துறையை அடுத்து வாழும் நமக்கு மீன் என்றாலே கடல் மீன்தான் நினைவுக்கு வரும். எனினும் நம்மில் பலருடைய முன்னோர் ஆற்றங்கரையினர். அவர்கள் அறிந்த ஆற்று மீன்களுள் ஒன்றன் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம்.

காவிரியில் வாழும் மஹ்சீர், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீன். தலைக்குப் பின்னே எருதின் திமில்போல் முதுகு உயர்ந்திருப்பது இதன் அடையாளம். சென்னை மாகாணத்து அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூலால் மஹ்சீரின் புகழ் கடல் கடந்தது. 1946-இல் கபினியாற்றில் பிடிபட்ட ஒரு மீன் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடை இருந்தது.

புகழ் வளர்ந்தது, மீன் குறைந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் அத்தீச்செயல் அற்றுப்போகவில்லை. 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை போன்றவை வயலுக்கு நீர் அளித்தன. முட்டையிட மேலாறு நோக்கிச் செல்லும் மீனுக்கோ வழியை அடைத்தன.

இக்குறையைப் போக்க நல்லெண்ணத்துடன் ஒரு முயற்சி நடைபெற்றது. 1970-களில் மராட்டியத்து லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தார் மஹ்சீர்க் குஞ்சுகளைச் செயற்கை முறையில் வளர்த்தனர். அவ்வகைக் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத் துடுப்புடைய வேறோர் இனம். மஹ்சீர் எல்லாம் ஒன்றே என்று அக்காலத்தில் எண்ணப்பட்டது போலும்! தூண்டிலிட்டுப் பிடித்து மீண்டும் ஆற்றில் விட்டோர் எழுதிவைத்த கணக்குகளை அறிஞர் பின்னர் ஆராய்ந்தனர். 1998 முதல் 2012 வரை நீலத் துடுப்பு மீன் பெருகியதும், திமில் மீன் அருகியதும் அவற்றால் வெளிப்பட்டன.

திமில் மீனுக்கு உரிய அறிவியற் பெயர் 2018-இல்தான் உறுதியாயிற்று. அமராவதியின் துணையாறாகிய பாம்பாற்றில் முன்பே கண்டறிந்து 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்ட மீனே இது எனத் தெளிந்தனர். அவ்வாண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தது. நீலகிரிச் சாரலின் மாயாறு இதற்கு எஞ்சிய புகலிடங்களுள் ஒன்று.

ஆற்றில் மீன் நிறைந்திருந்தால் போதாது. அந்த ஆற்றுக்குரிய மீன் நிலைத்திருத்தல் வேண்டும். ஊருக்குச் செல்லும்போது, எந்த மடுவில் எந்த மீன் இருந்தது, அதற்கு என்ன பெயர் வழங்கியது என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக. நாம் குடியேறிய இத்தீவுகளின் ஓடைகளிலும் வளர்ப்பு மீன்களை விடாது காப்போமாக.