கட்டு மாற்றும் கை

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் மறுநாள் நாளிதழில் இறந்தவர் எண்ணிக்கை வரும், நிவாரணத் தொகை அறிவிப்பு வரும். பிழைத்தவர்களின் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போட வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்த வேதனையை அறியாத ஊர் குறைவு. அந்தக் கட்டை யார் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு மட்டும் எழுவதேயில்லை.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின் மத்தாப்பு, வெடி என்று தொழில் விரிந்தது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இன்று இங்கிருந்துதான் போகிறது. தொழில் வளர்ந்த வேகத்துக்குத் தீக்காய மருத்துவம் வளரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் உள்ளே சிக்கியவர்களைத் தூக்க ஓடிவந்தவர்கள். கடுமையாக வெந்தவர்களை எழுபது கிலோமீட்டர் தாண்டி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

புண்ணைத் தொட்டுத் துடைத்துக் கட்டும் வேலை நெடுங்காலமாகக் கீழ்ப்படியில் இருப்பவரின் தலையில்தான் விழுந்திருக்கிறது. தமிழ் ஊர்களில் கட்டி அறுத்து மருந்து வைத்தவர்கள் நாவிதர் சமூகத்தினர். மருத்துவர் என்று பெயர் இருந்தது, அதற்குரிய மரியாதை இல்லை. பிரிட்டிஷ் மருத்துவமனைகள் வந்தபோது அந்த வேலைக்கு டிரெஸ்ஸர் என்றொருவர் வந்தார். லண்டனில் டிரெஸ்ஸர் என்பவர் அறுவை மருத்துவம் பயிலும் மாணவர். கவிஞர் ஜான் கீட்ஸ்கூட 1816இல் கைஸ் மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்தவர்தான். இங்கே அவர் கடைநிலை ஊழியர். ஒரே பஞ்சால் பல புண்களைத் துடைத்த காலம் அது. கிருமிதான் புண்ணை அழுக வைக்கிறது என்று அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867இல் எழுதிய பிறகே, கட்டுகிறவரின் கை உயிரைக் காக்கவும் போக்கவும் கூடியது என்பது மெல்ல உறைத்தது.

சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909இல் பயிற்சிப் பள்ளியையும் 1946இல் பட்டப்படிப்பையும் தொடங்கியது. இடையில், 1926இல், சென்னை மாகாணம் செவிலியரையும் தாதியரையும் பதிவுசெய்யச் சட்டம் போட்டது. கட்டுப் போடுவது படித்துச் செய்யும் வேலை என்று சட்டமும் பாடத்திட்டமும் ஒப்புக்கொண்டுவிட்டன. வார்டில் நிலைமை வேறு. கூட்டம் மிகுந்து செவிலியர் குறைந்தால், வார்டு ஊழியரோ நோயாளிக்குத் துணையாக இருப்பவரோ கட்டைப் பிரித்துவிடுகிறார்கள்.

பட்டாசு மருந்துக் கலவை தீப்பிடித்தால் முகமும் கைகளும்தான் முதலில் வேகின்றன. வெந்த கைக்குக் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதிலுள்ள நுணுக்கம் புரியும். முன்கூட்டியே வலி மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட வலைத்துணியை வெடுக்கென்று இழுத்தால் புதிதாக முளைத்த தோலும் சேர்ந்து வந்துவிடும். உப்புநீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரிக்க வேண்டும். பழைய கட்டைத் தொட்ட கையுறையோடு புதுக் கட்டைத் தொடக் கூடாது. முக்கியமாக, விரல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஐந்தையும் சேர்த்துப் பொட்டலம்போல் கட்டிவிட்டால் புண் ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். திரி சொருகியும் குழாய் சுற்றியும் பிழைத்த கை அதோடு முடங்கிவிடும்.

கட்டுக்கு விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்றில்லை. மும்பையில் மாதுரி கோரே குழுவினர் கிருமி நீக்கிய வாழை இலையைத் தீக்காயத்தின் மேல் வைத்து ஆராய்ந்தார்கள். புண்ணில் ஒட்டாமல், வலியின்றி எடுக்க வந்தது. இலை மலிவுதான். அதைக் கிருமி நீக்கி, சுத்தமான கையால் வைக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

உடலில் பெரும்பகுதி வெந்தவருக்கு மருந்து ஏற்றக் கையில் ரத்தக்குழாய் கிடைப்பது அரிது. கழுத்திலோ தோளருகிலோ பெரிய ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போடுவார்கள். அது தோலுக்குள் நுழையும் இடத்துக்கும் கட்டு உண்டு. வலைத்துணி என்றால் 2 நாளுக்கு ஒருமுறை, கண்ணாடிபோன்ற ஒட்டுப்படலம் என்றால் 7 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பரவலான விதி. நனைந்தாலோ பிரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். வெந்த தோலில் நீர் கசிந்துகொண்டே இருப்பதால் ஒட்டுப்படலம் அடிக்கடி பெயர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் கிருமி நேரே ரத்தத்தில் கலக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் பீட்டர் பிரோனோவோஸ்ட் குழு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. கதீட்டர் செருகும்போது மருத்துவர் கை கழுவாமலோ வேறு விதி தவறியோ நடந்தால், தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. ரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

இங்கே தமிழ்நாட்டிலோ, 2015இல் தேர்வு வைத்து ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியருக்கு அப்போது மாதச் சம்பளம் 7,700 ரூபாயாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெந்தவர்கள் வந்து சேரும் தூரம் குறைந்திருக்கிறது. அங்கும் சிவகாசி அரசு மருத்துவமனையிலும், கட்டு மாற்றுவதற்கென்றே பயிற்சி பெற்ற நிரந்தரச் செவிலியர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். ஒரு நோயாளியின் புண்ணை நேற்றுப் பார்த்தவரே இன்றும் பார்த்தால்தான் நிறம் மாறியதும் நாற்றம் வந்ததும் சட்டென்று பிடிபடும்.